எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர்

போன மாதம் எங்கள் ஊர் இளம் வக்கீல்கள் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் சாட்சி வாயைத் திறந்ததும் கம்ப்யூட்டர் திரையில் எழுத்து ஓடுகிறதாம். அதனால் குறுக்கு விசாரணையில் பழைய ருசியே இல்லையாம். "உங்க சர்வீஸ்லயே பெஸ்ட் கிராஸ் எதுங்க? எங்க சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். பேச்சுவாக்கில், நான் ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தேன் என்று சொன்னேன். "அப்படிங்களா! எந்தத் தொகுதிக்குங்க?" என்று கேட்டார் ஒருவர். அவருடைய சொந்தத் தொகுதிக்குத்தான். சபை கலையும்வரை இரண்டரை வருஷம் உழைத்ததற்கு இந்த மரியாதையாவது கிடைத்ததே என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு யாரும் என்னிடம் ஆசீர்வாதம் வாங்க வர வேண்டாம்.

நான் வக்கீலானதற்குக் காரணம் நீதியின்மேல் கொண்ட காதல் ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கிழக்குப் பாலக்காட்டில் தோட்டம் இருந்தது. "இவன் கையில மம்பட்டியக் குடுத்தா மம்பட்டிக்குத்தான் கேடு, வக்கீலுக்குப் படிக்கட்டும்" என்று அப்பா முடிவு செய்தார். எர்ணாகுளத்துக் கொசுக்களுக்கு மூன்று வருஷம் ரத்தம் கொடுத்தேன், பதிலுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பாலக்காட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன்.

சீனியர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். அவருடைய கறுப்புக் கோட்டு வெயிலில் வெளுத்துப் பச்சை நிறத்துக்கு வந்திருந்தது. காலையில் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சிட்டிகை பொடி போடுவார். தும்மல் வரும்வரை எதிர்க்கட்சி வக்கீல் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். ஜட்ஜும் காத்திருப்பார். தும்மி முடித்து, மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்த பிறகுதான் நீதி பரிபாலனம் மேற்கொண்டு நடக்கும். கேஸ் கட்டை அவர் பிரித்து நான் பார்த்ததே இல்லை. யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நாலே நாலு கேள்வி எழுதி வைத்திருப்பார். அதில் இரண்டைத்தான் கேட்பார். பல நாள் ஜெயித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் சாட்சியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீனியர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"ஏண்டா, அவனையே பாத்துண்டு நிக்கறாய்? கூண்டை விட்டு அவன் எங்கயும் ஓடிப் போகமாட்டான். பெஞ்சில ஆரெல்லாம் உக்காந்துண்டிருக்கான்னு பாரு. மனுஷன் ஜட்ஜுக்காகப் பொய் சொல்றதில்லையாக்கும். பெஞ்சில இருக்கறவாளுக்காகத்தான் சொல்றான்."

கிள்ளியது வலித்ததால் சொன்னது நன்றாக மனதில் பதிந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிலச் சட்டம் வந்து எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. வக்கீல்களுக்கு அது தீபாவளி. குடிகிடப்பு என்று ஒரு உரிமை. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் காலங்காலமாக இருக்கும் கூலிக்காரனுக்கு அந்தக் குடிசையும் சுற்றிப் பத்து சென்ட் இடமும் சொந்தமாகும். நில டிரிப்யூனலில் மனுக் கொடுத்தால் போதும். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வீடு கட்டிக்கொள்ள அவனுக்கு வேறெங்கும் நிலம் இருக்கக் கூடாது.

எனக்கு மாமா முறையாகும் ஒரு தோட்டக்காரர் இருந்தார். ஆட்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள், பண்ணை முதலாளி என்று அர்த்தம். அவர் தோட்டத்தில் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் மாரப்பன் என்ற பண்ணையாள் குடிசை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தான். பெண்டாட்டி இல்லை. பொன்னி என்று ஒரே பெண். மாரப்பன் குடிகிடப்பு கேட்டு மனுக் கொடுத்துவிட்டான். பண்ணாடிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிணற்றுக்குப் போகும் வழியே அந்தப் பத்து சென்டுக்குள்தான் இருந்தது. மனுவை எதிர்க்க எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு என்று எல்லாக் காகிதங்களும் மாரப்பன் பக்கம் பேசின. சீனியர் ஒரு பார்வை பார்த்தார். "இது ஜெயிக்கற கேஸில்லை. நீயே நடத்திக்கோ" என்று கட்டை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். தோற்கிற கேஸெல்லாம் எனக்கு வருவது அந்த ஆபீஸின் வழக்கம்.

அடுத்த வாரம் எங்கள் குமாஸ்தா ஒரு சேதி கொண்டுவந்தார். பொன்னிக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரன் சின்னானுடைய மகன். உறுதி செய்யும்போது மாரப்பன், தனக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கோயமுத்தூர் ஜில்லா எல்லை கூப்பிடு தூரம். கல்யாணம் பேசும்போது, சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவன் எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பான். அந்தப் பக்கத்துக் கூலிக்காரனுக்கு நிலம் இந்தப் பக்கம் இருக்கும். அந்தக் கணக்கைக் கூட்டினால் இரண்டு மாநிலமும் போதாது. யாரும் போய்ச் சர்வே நம்பர் பார்ப்பதில்லை. பெண் வீடு பிச்சைக்கார வீடில்லை என்று சபையில் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் சபையில் சொன்னதைப் பிறகு இல்லையென்று சொன்னவனின் பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள். கிழக்குப் பாலக்காட்டில் பிறந்த எனக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு தெரியும்.

குமாஸ்தா சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் யோசனை வந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்குச் சொந்தமாக வந்த யோசனைகள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

விசாரணை நாளன்று பண்ணாடியின் ஆள் போய்ச் சின்னானிடம், "உங்கட சம்மந்திக்கு இன்னைக்குக் கேசு, போய்ப் பாருங்க" என்று சொல்லி அழைத்து வந்தான். சின்னான், அவன் பெண்டாட்டி, உறவுக்காரர் மூன்று பேர், எல்லோரும் சலவை வேட்டி சேலையில் இரண்டாவது பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாரப்பன் கூண்டில் ஏறிய பிறகுதான் அவர்களைப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

டிரிப்யூனல் நடைமுறை சாவகாசமானது. நான் தமிழில் கேட்பேன். சாட்சி தமிழில் சொல்வான். அதிகாரி இரண்டையும் மலையாளத்தில் ஆக்கி எழுத்தருக்குச் சொல்வார். எழுத்தர் ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துக்கொண்டே எழுதுவார். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பீடி குடித்துவிட்டு வரலாம். அந்த இடைவெளியில்தான் சாட்சி யோசித்து யோசித்து வேர்ப்பான். இன்றைய வக்கீல்கள் ருசி போய்விட்டது என்று புலம்புவது இதைத்தான்.

குடிசை எப்போது போட்டது, கூரை யார் மேய்ந்தது என்று ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டேன். பிறகு ஒரு அடி விலகி நின்றேன். மாரப்பனுக்கும் இரண்டாவது பெஞ்சுக்கும் நடுவில் நான் மறைக்கக் கூடாதல்லவா?

"மாரப்பா, உனக்குன்னு சொந்தமா வேற எங்கயாச்சும் நிலம் இருக்குதா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுத்தர் கேள்வியை எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். சின்னான் பெண்டாட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இருக்குதுங்க" என்றான் மாரப்பன். "எல்லைக்கு அந்தப் பக்கம். ரெண்டு ஏக்கராங்க."

அவனுடைய வக்கீல், பாவம், நாற்காலி சாயத் துள்ளி எழுந்தார். சாட்சி குழம்பிவிட்டான், மறு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். அனுமதி கிடைத்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லு மாரப்பா. உனக்கு ஏது நிலம்?" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

மாரப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, நான் பொய் சொல்லுவனுங்களா? கெணறு வெட்டியிருக்குதுங்க. தென்ன நாலு நிக்குதுங்க."

ஒப்புக்கொண்டதை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது சாட்சியச் சட்டம். ஒரு காகிதமும் இல்லாமல் அந்த இரண்டு ஏக்கர் பிறந்து, கிணறும் வெட்டி, தென்னையும் வைத்துவிட்டது. மனு தள்ளுபடி ஆனது. ஆபீஸ் திரும்பியதும் சீனியர் ஒரு சிட்டிகை பொடியை எனக்கு நீட்டினார். அதுவரை எந்த ஜூனியருக்கும் அவர் கொடுத்ததில்லை. நான் போட்டுத் தும்மினேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை மறைப்பானேன்?

குடிசையைப் பிரித்தார்கள். மாரப்பன் மூங்கிலையும் ஓலையையும் வண்டியில் போட்டுக்கொண்டு போய் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் மறுபடி நட்டுக்கொண்டான். ஒரு மாதம் கழித்துப் பொன்னியின் கல்யாணத்துக்கு அழைக்க என் ஆபீஸுக்கே வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் கும்பிட்டான்.

"நீங்க கோர்ட்டுல வெச்சுக் கேட்டதும் நல்லதாப் போச்சுங்க. நான் சொன்னத சம்மந்தி வூட்டுல அத்தனை பேரும் காதுல கேட்டுப்போட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பேச்சு இல்லீங்க. குடிசை போனாப் போகுது, எம்பட புள்ள பொழச்சுக்குச்சு."

கல்யாணத்துக்குப் போனேன். வெட்கங்கெட்டவன், இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் எம்.எல்.ஏ. ஆன கதை இதைவிடச் சின்னது. எழுபதுகளின் பின்பாதியில் தேர்தல் வந்தபோது, கட்சிக்குத் தமிழ் பேசுகிற, யாருக்கும் பெரிய விரோதமில்லாத ஒரு ஆள் தேவைப்பட்டது. அது நான்தான் என்று பண்ணாடி மாமா முன்மொழிந்தார். தோட்டக்காரர்கள் ஓட்டும் விழுந்தது, கூலிக்காரர்கள் ஓட்டும் விழுந்தது. மாரப்பன் எனக்காகக் கொடி பிடித்து நடந்ததை நானே பார்த்தேன். திருவனந்தபுரம் போனேன். எங்கள் பக்கத்து உறுப்பினர் சபையில் தமிழிலேயே பேசலாம் என்பதால் முதல் பேச்சுக்கு மூன்று நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். எழுந்து சபாநாயகரை வணங்கி, முழுத் தொண்டையில், "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்றேன். மொழி புரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போயிற்று. வாய்க்கால் தண்ணீரைப் பற்றி மிச்ச நேரத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை.

அந்த வாய்க்கால்தான் மாரப்பனை மறுபடி என்னிடம் கொண்டுவந்தது. வாய்க்காலை அகலப்படுத்த உத்தரவு வந்தது. கரையில் இருக்கும் குடிசைகளை ஒரு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதே சமயம், நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு நாலு சென்ட் இடமும் வீடும் கொடுக்கும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. தாலுகா கமிட்டியில் நான்தான் தலைவர். கரையில் இருந்தவர்களையெல்லாம் கிராம அதிகாரி பட்டியலில் சேர்த்திருந்தார். தாசில்தார் ஒரே ஒரு பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்.

"சாரே, இயாளுக்கு நிலம் உண்டல்லோ" என்றார் தாசில்தார். மலையாளிதான், எனக்காகத் தமிழைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு பேசுவார். "டிரிப்யூனல் உத்தரவு கையில் இருக்கு. ரெண்டு ஏக்கர், கிணறு, தென்னை. இவரே சொன்னதாக்கும். கிராஸ் செய்த வக்கீல்..." காகிதத்தின் கீழே பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அரசியலில் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் நன்றாகக் கற்றிருந்தேன்.

வாய்க்கால் கரைக்குப் போனேன். நிலம் இல்லை என்று ஒரு சத்தியக் கடுதாசி கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாரப்பன் தலையை ஆட்டினான்.

"வேண்டாமுங்க. அந்தப் பட்டியல பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல ஒட்டுவாங்க. நெலமில்லாதவன்னு எம்பட பேரு வந்துச்சுன்னா சம்மந்தி வூட்டுல பொன்னியப் பேசிப்போடுவாங்க. கைக்கொழந்த வெச்சிருக்குது அது. நான் எங்கயாச்சும் ஒதுங்கிக்கறனுங்க."

"எங்க ஒதுங்குவே?"

"பாக்கோணுமுங்க."

ஜீப்பில் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை, அதனால் டிரைவரைத் திட்டினேன். வீட்டில் உட்கார்ந்து பட்டியலைக் கடைசி வரை புரட்டினேன். பக்கத்துப் பஞ்சாயத்தின் தாளில் ஒரு பெயர். சின்னான், கூலி, சொந்த நிலம் இல்லை. அவனாக எழுதிக் கொடுத்த மனு.

மறுநாள் காலையில் சின்னான் முன்னால் போய் நின்றேன். மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஏப்பா, உனக்குக் காந்தலூர் மலையில பூண்டுக் காடு ஒரு ஏக்கரா இருக்குதுன்னு கல்யாணத்துல பேசிக்கிட்டாங்களே?" என்றேன்.

"அதுங்களா?" என்று சிரித்தான். "அவிய ரெண்டு ஏக்கராங்கறப்ப நாங்க சும்மா இருக்க முடியுமுங்களா? ஒண்ணாச்சும் சொல்லோணுமில்லீங்க?"

"அப்ப மாரப்பன் சொன்னது?"

"ஐயா, அவியளுக்கு நெலம் இருந்தா எதுக்குங்க பண்ணாடி தோட்டத்துல குடிசைல கெடக்கறாங்க? எங்களுக்குத் தெரியாதுங்களா? புள்ள நல்ல புள்ள, அதுக்காகக் கட்டினமுங்க. கோர்ட்டுக்குக்கூட பண்ணாடி ஆளு வந்து கூப்புட்டதுனாலதான் வந்தமுங்க. இல்லீன்னா எங்களுக்கு அங்க என்னங்க வேல?"

அங்கேயே மாட்டுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது எனக்கு. ஒருத்தரும் நம்பாத ஒரு பொய்க்காக ஒருவன் குடியிருந்த பத்து சென்ட் போயிருக்கிறது. அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான். சின்னானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன்.

கரையில் சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சின்னான் நேராக விஷயத்துக்கு வந்தான். "சம்மந்தி, எம்பட பூண்டுக் காட்டுல ஒரு பல்லும் இல்ல. பட்டியல்ல பேரக் குடுத்துப்போட்டன். நீங்களும் உங்கட தென்னையெல்லாம் வெட்டிப்போட்டு வாங்க, பக்கத்துப் பக்கத்துல பேரு வரட்டும்" என்றான். மாரப்பன் முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தேன். ஒன்று மாரப்பனுடைய சத்தியக் கடுதாசி. இன்னொன்று தாசில்தாருக்கு நான் எழுதியது. டிரிப்யூனல் உத்தரவைத் தாண்டி அவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், அந்தப் பதிலை வாங்கிய வக்கீலே எழுதிக் கொடுத்தால்தான் அசைவார். இரண்டையும் ஒன்றாகத் தைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் ரேகை வைக்கும்போது, அதில் உள்ளதை ஒரு வரி விடாமல் அவன் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அது விதி. எத்தனையோ விதிகளை வளைத்தவன்தான் நான். அன்று ஏனோ வளைக்கத் தோன்றவில்லை.

மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். அவனுடையது முடிந்தது. என்னுடையதைப் படித்தேன். அன்று இவர் நிலம் இருப்பதாகச் சொன்னது உண்மையல்ல. உண்மையல்ல என்பது கேள்வி கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் எதிரில் இவரால் வேறு பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தே அவர்களை வரவழைத்தேன்.

மாரப்பன் சிரிப்பு நின்றிருந்தது.

"அந்தக் கடேசிய இன்னொருக்காப் படிங்க" என்றான்.

படித்தேன்.

"தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"ஆமா, மாரப்பா."

"நான் உங்க ஆபீசுக்கு வந்து கும்புட்டனே, அப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியும்."

சின்னான் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். மாரப்பன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை, ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. அவன் துண்டால் கட்டைவிரலைத் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். நான் மை டப்பாவைத் திறந்து, ரேகை வைப்பவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் அவன் விரலைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க எம்பட கையப் புடிக்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கிச் சின்னானிடம் கொடுத்தான்.